கேட்ட மேஜர் கிடைக்காத பிள்ளைக்கு

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையம் பேருந்து நிறுத்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. பவானியம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்திப் பிரார்த்தனை செலுத்த வருவோர் ஒரு பக்கம் குவிவார்கள். அவர்களுக்கு நடுவே முண்டியடித்து ஏறும் முதலாமாண்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை வழியாக செங்குன்றம், சென்னை என்று சிலர் போவார்கள். திருவள்ளூர், ஆவடி, பொன்னேரி என்று மற்றவர்கள் பிரிவார்கள். இவர்களில் எல்லோரும் கேட்ட பாடத்தைப் படிக்கப் போவதில்லை. பி.காம். கேட்டவருக்கு வரலாறு கிடைத்திருக்கும், கணினி அறிவியல் கேட்டவருக்குத் தாவரவியல். "முதல்ல சேர்ந்துடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த "அப்புறம்" என்பதற்கு எத்தனை நாள் கெடு, எங்கே போய் யாரிடம் கேட்க வேண்டும் என்பது பற்றியது இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மாணவர் அதே இயற்பியலை வேறு கல்லூரியில் தொடர விரும்பினால் அது இடமாறுதல். இரு கல்லூரிகளின் தடையில்லாச் சான்றிதழ், பல்கலைக்கழகத்தின் அனுமதி, போகும் வகுப்பில் காலியிடம் ஆகியவை இருந்தால் அடுத்த ஆண்டில் போய் உட்காரலாம். ஆனால் இயற்பியலை விட்டுவிட்டு உளவியல் படிக்க வேறு கல்லூரிக்குப் போவது இடமாறுதல் ஆகாது. அது புது அட்மிஷன். முதலாமாண்டிலிருந்து தொடங்க வேண்டும். மாணவர்களும் பெற்றோரும் இந்த இரண்டையும் சேர்த்தே "ட்ரான்ஸ்ஃபர்" என்று சொல்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

அமெரிக்கக் கல்லூரிகள் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருவோருக்கு இது இன்னும் புதிராக இருக்கும். அங்கே பல பல்கலைக்கழகங்களில் பொதுப்பாடங்களைப் படித்துவிட்டு இரண்டாமாண்டு வாக்கில் மேஜரை அறிவிக்கலாம். சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, வாங்கிய கிரெடிட்டுகளோடு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அங்கே பழகிய பாதை. நம் ஊரில் விண்ணப்பப் படிவத்திலேயே மேஜர் முடிவாகிவிடுகிறது. 2021-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த கிரெடிட் வங்கியில் மாணவரின் கிரெடிட்டுகள் ஏழாண்டு வரை இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வங்கியில் கிரெடிட் இருக்கிறது என்பதற்காக எந்தக் கல்லூரியும் இரண்டாமாண்டில் இடம் தரக் கடமைப்பட்டதில்லை.

கல்லூரி மாறியும் பாடத்தின் கட்டுக்கோப்பு மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. கணித மேதை ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் உதவித்தொகை பறிபோனது. 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வுக்கு ஆங்கிலம், உடலியல் உள்ளிட்ட அதே பாடங்கள்தான் காத்திருந்தன. அவர் தேறவில்லை. கணிதத்தை மட்டும் படித்துப் பட்டம் பெறும் வழி அன்று எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஊரும் கட்டடமும் மாறியது அவருக்கு உதவவில்லை. புறப்படும் முன்பு ஒவ்வொரு மாணவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே: மாற வேண்டியது கல்லூரியா, பாடமா?

பாடம்தான் என்றால் முதலில் தட்ட வேண்டியது தான் படிக்கும் கல்லூரியின் கதவையே. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் முழுவதும் இணையவழியில் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்தான் என்பதால் ஒரே மாணவர் நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது வழக்கம். அதனால் கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்கிய பிறகும் இடங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தவர் பி.எஸ்ஸி. கணிதத்தை விட்டுப் போவார். செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தவர் விலங்கியலை விட்டுப் போவார். அந்த இடங்களுக்குக் கல்லூரிக்குள்ளிருந்தே மாறிக்கொள்ளக் கேட்கலாம். தரவரிசையும் இனவாரி ஒதுக்கீடும் பார்த்து முதல்வர் அனுமதித்தால் வேலை முடிந்தது. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்க வேண்டாம், மறுபடி கட்டணம் கட்ட வேண்டாம், பேருந்து மாற வேண்டாம்.

இதற்கு நடைமுறையில் செய்ய வேண்டியது மிக எளிது. ஆனாலும் பலர் செய்வதில்லை. சேர்ந்த வாரமே முதல்வருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுத வேண்டும். சேர்ந்த பாடம், கேட்கும் பாடம், பிளஸ் டூ மதிப்பெண், தரவரிசை எண், இனப்பிரிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கேட்கும் பாடத்தின் துறைத் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே, தினமும் வருகைப்பதிவு எடுக்கும் அவருக்குத் தெரிந்துவிடும்.

துறை மாறுவதைத் தோல்வியாகப் பார்க்கும் வீடுகளுக்கு அறிவியலாளர் ஜி.என். ராமச்சந்திரனின் கதையைச் சொல்லலாம். அவர் 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது மின்பொறியியலுக்கு. மனம் இயற்பியலில் இருந்தது. அதே வளாகத்தில் சி.வி. ராமன் இருந்தார். ராமச்சந்திரன் இயற்பியலுக்கு மாறினார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்று, 1954-இல் கொலாஜன் புரதத்தின் மூவிழை வடிவத்தை வெளியிட்டார். அவர் கழகத்தை விட்டு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. துறையை மட்டும் மாற்றிக்கொண்டார்.

பொறியியலில் கதை வேறு. பெரியபாளையத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கன்னிகைப்பேரில் ஒன்று, பஞ்செட்டியில் ஒன்று, கவரைப்பேட்டைப் பக்கம் போனால் அடுத்தடுத்துப் பல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தொழிற்சாலைகளும் அருகிலேயே. அப்பா அங்கே லேத்திலோ ஃபவுண்டரியிலோ வேலை பார்க்கும் வீட்டில், மகன் மெக்கானிக்கல் கேட்பது இயல்பு. ஆனால் அண்மை ஆண்டுகளில் பல கல்லூரிகள் மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகையறாக்களைக் கூட்டிவிட்டன. தகுதியுள்ள கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்ததும் அந்தப் போக்கு இன்னும் வேகம் பிடித்தது. சிப்காட் வாசலில் இருந்துகொண்டே மெக்கானிக்கல் இடத்தைத் தேட வேண்டிய நிலை சிலருக்கு வந்திருக்கிறது. இது கவலைக்குரியது. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய படிப்பு பக்கத்துக் கல்லூரியில் இல்லையென்றால், இழப்பு மாணவரோடு நிற்காது.

இங்கே மாறுவதற்கு மிக நல்ல நேரம் கலந்தாய்வு நடந்துகொண்டிருக்கும்போதுதான். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் ஒதுக்கீடு வந்ததும் மாணவர் முன் சில தேர்வுகள் வைக்கப்படும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். அல்லது மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். கேட்ட மேஜர் கிடைக்காதவருக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் சரியான வழி. குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிவிட்டால் கிடைத்த இடம் பத்திரமாக இருக்கும். மேலே இடம் காலியானால் தானாக அங்கே நகர்வார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மேலே" என்பது அவர் நிரப்பிய விருப்பப் பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலிருக்கும் வரிசைகளை மட்டுமே குறிக்கும். பட்டியலில் எழுதாத கல்லூரிக்கு யாரும் நகர முடியாது. பத்துப் பதினைந்து கல்லூரியோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர் இங்கேதான் இழக்கிறார். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்பவர் கல்லூரிப் பெயரைக் கொஞ்சம் தளர்த்தி, மெக்கானிக்கல் உள்ள கல்லூரிகளின் எண்களைப் பட்டியலின் தலைப்பகுதியில் வரிசையாக அடுக்க வேண்டும். கல்லூரி முக்கியம் என்பவர் ஒரே கல்லூரியின் பல பிரிவுகளை அடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் பட்டியல் எதற்கும் உதவாது.

கலந்தாய்வு முடிந்த பிறகு பிரிவு மாறுவது கடினம். அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளுக்கு இடையே மாற, கல்லூரிகளின் சம்மதத்தோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதியும் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவை. தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து தன்னாட்சி இல்லாத கல்லூரிக்குப் போனால் பாடத்திட்டம் வேறுபடும். அங்கே படிக்காமல் விட்ட தாள்களைச் சேர்த்து எழுத வேண்டி வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகள்தான். அங்கிருந்து அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தாவ வேண்டுமானால் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக் கலந்தாய்வில் புதிதாக நிற்க வேண்டியிருக்கும்.

சேர்ந்த கல்லூரியே அந்தப் பிரிவை மூடப்போவதாக அறிவித்தால் பதற வேண்டாம். படிப்படியாக மூடும்போது முதலாமாண்டுச் சேர்க்கை மட்டுமே நிற்கும். ஏற்கெனவே படிப்பவர்கள் முடிக்கும் வரை துறை நடந்தாக வேண்டும்.

பணத்துக்கு வருவோம். மாறிப் போக நினைக்கும் பெற்றோரைத் தயங்க வைப்பது இதுதான். "கட்டின பணம் வராது, நாலு வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் டி.சி." என்று சில அலுவலகங்களில் சொல்வதுண்டு. இரண்டுக்கும் விதியில் இடமில்லை. 2018 அக்டோபரில் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதில் நிர்வாகச் செலவாக 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். அதற்குப் பிந்தைய 15 நாளுக்குள் என்றால் 80, ஒரு மாதத்துக்குள் என்றால் 50. அதன் பிறகு ஒன்றும் கிடையாது. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதி என்று இருந்தது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை எடுத்து, அச்சடித்துக் கையோடு கொண்டுபோவது நல்லது. வாய்ப்பேச்சைவிடத் தாள் வேலை செய்யும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அந்த 2018 அறிவிக்கையில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். தர மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடமும், அங்கே தீராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடமும் எழுத்தில் போகலாம். யு.ஜி.சி.யின் 2023 ஒழுங்குமுறை இதற்கு வழி செய்திருக்கிறது.

ஆனால் டி.சி. விஷயத்தில் மாணவர் தரப்பில் செய்யும் அவசரமும் உண்டு. புதிய கல்லூரியில் "வாங்க, பாத்துக்கலாம்" என்ற சொல்லை நம்பி டி.சி. வாங்கிவிட்டால் பழைய இடம் அன்றோடு போய்விடும். திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். புதிய கல்லூரியின் சேர்க்கை ஆணையோ ஒதுக்கீட்டுக் கடிதமோ கையில் வந்த பிறகே டி.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். வாங்கியதும் அலுவலக வாசலிலேயே நின்று படிக்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து, பிறந்த தேதி, படித்த பாடம், விலகிய தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரம் என்பதால் இப்பகுதிப் பிள்ளைகள் சிலர் புத்தூர், திருப்பதிக் கல்லூரிகளையும் பார்க்கிறார்கள். வேறு மாநிலம் அல்லது வேறு பல்கலைக்கழகம் என்றால் டி.சி.யோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். தமிழ்நாடு அரசு தரும் சலுகைகள் எல்லை தாண்டி எவ்வளவு தூரம் வரும் என்பதையும் போகும் முன் கேட்டுவிட வேண்டும்.

சலுகைகள் சிறிய விஷயமில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவரின் செலவை அரசு ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இவை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்த இடத்துக்கு உரியவை. மேஜருக்காக அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இரண்டும் போய்விடும். நான்காண்டுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் குடும்பமும் இந்த முடிவை எடுக்க வேண்டும். மேஜர் மாறிய மகிழ்ச்சி, மூன்றாவது செமஸ்டர் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கும்போது நிற்காது.

அடகு என்றதும் அப்துல் கலாம் நினைவுக்கு வருகிறார். அவர் 1954-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்தபோதுதான் தனக்கு உரியது இயற்பியல் இல்லை, பொறியியல் என்று உணர்ந்தார். அதற்காக நடுவில் படிப்பை விட்டு ஓடவில்லை. பட்டத்தோடு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்து, 1955-இல் சேர்ந்தார். 1949-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. அன்று அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துப் பொறியியல் கற்பித்தது. அங்கே விமானப் பொறியியல் இருந்தது. சேர்க்கைப் பணத்துக்காக அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தக் கடனுக்குப் பின்னால் உறுதியான ஓர் இடமும், அவருக்கு எது வேண்டும் என்ற தெளிவும் இருந்தன.

கலாம் சென்ற பாதை இன்றும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் பலருக்கு அது தெரிவதில்லை. பிளஸ் டூவில் கணிதம் படித்து, பி.எஸ்ஸி. பட்டம் முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்கென்று தனிக் கலந்தாய்வு உண்டு. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகளாக அதை நடத்திவருகிறது. டிப்ளமோ முடித்தவர்களுக்கும் அதே வாசல். மெக்கானிக்கல் கிடைக்காமல் ஏதோ ஒரு பாடத்தில் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சிப்காட் பகுதிப் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். இரண்டு ஆண்டில் டிப்ளமோ, அதன் பிறகு மூன்று ஆண்டில் பி.இ. ஓராண்டு கூடுகிறது. ஆனால் நடுவிலேயே வேலைக்குப் போகும் தகுதி வந்துவிடுகிறது.

எல்லோரும் மாறித்தான் ஆக வேண்டுமா என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். வரலாறு கிடைத்துவிட்டதே என்று அழும் பிள்ளையின் குறிக்கோள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 என்றால், அதற்கு எந்தப் பட்டமும் போதும். சட்டம் படிக்க விரும்புபவர் எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஆனால் வேதியியல் ஆசிரியராக வேண்டும் என்பவருக்கு வேதியியல் பட்டம்தான் வேண்டும். அவருக்கு மேஜர் உயிர்நாடி. அவர் ஓராண்டை இழந்தாவது மாறுவதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேட்டு வேறு கிடைத்தவருக்கு இப்போது நடுவழிகளும் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறு துறையில் மைனர் பட்டம் சேர்த்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பை வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இணையவழியில் தொடரலாம். ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச்சுற்றில் தேறினால் போதும். நேரடி வகுப்பில் ஒரு பட்டம், தொலைநிலையிலோ இணையவழியிலோ இன்னொரு பட்டம் என்று ஒரே நேரத்தில் படிப்பதை 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது.

தூரத்தையும் எடை போட வேண்டும். உளவியல் எல்லா அரசுக் கல்லூரியிலும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. பெரியபாளையத்திலிருந்து மெரினா கடற்கரை வரை தினமும் போய்வருவது என்றால் செங்குன்றம் நெரிசலையும் சேர்த்து ஒரு நாளில் நான்கு மணி நேரம் பேருந்திலேயே கழியலாம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பெண் பிள்ளை செமஸ்டர் தேர்வு நாட்களில் என்ன செய்வாள் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் கல்லூரி விடுதிகளில் இடம் கேட்பதைச் சேர்க்கை நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்துப் பல வாரம் கழித்து விடுதியைத் தேடினால் கிடைக்காது.

மாறியாகிவிட்டது என்றால் மீதமிருப்பது தாள் வேலை. உயர்கல்வி மாணவர்களுக்கான அரசின் தகவல் பதிவில் உள்ள மாணவரின் யு.எம்.ஐ.எஸ். எண் பழைய கல்லூரியின் பெயரிலேயே நின்றுவிடக் கூடாது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயும், கல்வி உதவித்தொகையும் அந்தப் பதிவோடு பிணைந்தவை. பழைய கல்லூரியின் அலுவலகத்தில் விடுவிப்பு முடிந்ததா, புதிய கல்லூரியில் சேர்ப்பு முடிந்ததா என்று அந்தந்த நோடல் அலுவலரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய வழித்தடத்துக்கு வாங்கிய பேருந்து அட்டையை ஒப்படைத்துவிட்டு, புதிய கல்லூரியின் முத்திரையோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், தவறவிட்ட வாரங்களின் வருகைப்பதிவு எப்படிக் கணக்கிடப்படும் என்பதைத் துறைத் தலைவரிடம் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாமல் போகலாம். அக்டோபரில் போய்க் கேட்டால் அந்த நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது.